பர்சபாவின் பக்கம்

யுஸ்து என்ற மறுபெயர் கொண்ட பர்சபாவைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. உபதேசியார் மகளாகப் பிறந்து, பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வருகிறவள் சொல்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் அவர் வருகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் போன பிறகு பன்னிரு அப்போஸ்தலரில் ஓர் இடம் காலி. ஏறக்குறைய 120 பேர் ஒரு மேல்வீட்டறையில் கூடியிருக்கிறார்கள். பேதுரு எழுந்து, அந்த இடத்துக்கு வருகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறார்: யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் தொட்டு ஆண்டவர் பரமேறின நாள் வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். பர்சபா, மத்தியா என்று இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஜெபம் பண்ணிவிட்டுச் சீட்டுப் போடுகிறார்கள். மத்தியா பெயர் வருகிறது. பர்சபாவின் கதை அத்தோடு முடிந்தது. அவர் விஷம் குடித்தும் சாகவில்லை என்று பிற்காலத்தில் ஒரு கதை உலவியது. வேதாகமத்தில் அதுவும் இல்லை.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். புக்கர் பரிசு வாங்கிய நாவல்கள் ஒன்று மாற்றி ஒன்று பாடத்திட்டத்தில் வந்துகொண்டே இருந்ததால், அந்தப் பரிசு எப்படி நடக்கிறது என்பதையும் விடாமல் கவனித்து வந்திருக்கிறேன். லண்டனில் முடிவு அறிவிக்கிற ராத்திரி எனக்கு அந்த மேல்வீட்டறைதான் ஞாபகம் வரும். ஆறு புத்தகம் நிற்கும், ஒன்றின் பெயர் வரும். மற்ற ஐந்திடம் என்ன குறை? இந்தக் கேள்வி இலக்கியத்தைவிட இறையியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகுதி இருப்பதால் ஒருவர் தெரிந்துகொள்ளப்படுகிறாரா, தெரிந்துகொள்ளப்பட்ட பிறகு நாம் போய் அவரிடம் தகுதியைக் கண்டுபிடிக்கிறோமா?

முதலில் நடைமுறை. புக்கருக்கு எழுத்தாளர் விண்ணப்பிக்க முடியாது, பதிப்பகம்தான் அனுப்ப வேண்டும். நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளிவந்திருக்க வேண்டும். சொந்தச் செலவில் அச்சிட்டது செல்லாது. ஒரு பதிப்பகம் எத்தனை புத்தகம் அனுப்பலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தப் பதிப்பகத்தின் நூல் ஒன்றுகூட நெடும்பட்டியலில் வரவில்லை என்றால் ஒரு புத்தகம். ஒன்றோ இரண்டோ வந்திருந்தால் இரண்டு. அதற்கு மேல் போகப்போக மூன்று, நான்கு. முன்பு பரிசு வாங்கிய எழுத்தாளரின் புது நாவலுக்கு இந்த அளவு கிடையாது, தனியாக அனுப்பலாம். தாலந்துகளின் உவமையைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. உள்ளவனுக்கு இன்னும் கொஞ்சம் கையில் வைக்கிற முறைதான்.

ஆண்டுதோறும் ஐந்து புதிய நடுவர்களை நியமிக்கிறார்கள். எழுத்தாளர்கள், விமர்சகர்கள், நடிகர்கள், சரித்திர ஆசிரியர்கள் எல்லாரும் அதில் வருவதுண்டு. 2022இல் அவர்கள் முன் வந்த புத்தகங்கள் 169. 2024இல் 156. வேறு வேலையும் பார்த்துக்கொண்டு ஏழெட்டு மாதத்தில் இத்தனையையும் வாசிக்க வேண்டும். கோடையின் நடுவில் 12 அல்லது 13 நூல் கொண்ட நெடும்பட்டியல் வரும். அதிலிருந்து ஆறு நூல் கொண்ட குறும்பட்டியல். இறுதிக் கூட்டத்துக்கு வரும்போது அந்த ஆறையும் ஒவ்வொரு நடுவரும் மூன்றாம் முறை வாசித்திருப்பார். குறும்பட்டியலில் வந்தவருக்கு 2,500 பவுண்டும், கையால் கட்டிய தனிப் பிரதி ஒன்றும். வென்றவருக்கு 50,000 பவுண்டு.

இதில் மனுஷத் தீர்ப்பு வேலை செய்கிற இடம் எது, சீட்டு விழுகிற இடம் எது என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 156 புத்தகத்திலிருந்து 13 எடுப்பது தீர்ப்பு. அதில் சந்தேகமில்லை. கைப்பழக்கம் உள்ள வாசகர் யாருக்கும் நூறு நாவல் தானாகவே விலகிப் போகும். 13லிருந்து 6 எடுப்பது பெரும்பாலும் தீர்ப்பு, கொஞ்சம் பேரம். 6லிருந்து 1 எடுக்கிற அறையில் நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 1977இல் கவிஞர் ஃபிலிப் லார்கின் நடுவர் குழுவின் தலைவர். பால் ஸ்காட்டின் ‘ஸ்டேயிங் ஆன்’ நாவலுக்குத் தரவில்லை என்றால் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவேன் என்று அவர் மிரட்டியதாகச் சொல்வார்கள். ஸ்காட்டுக்குத்தான் கிடைத்தது. அப்போது அவர் நோயில் இருந்தார், அடுத்த ஆண்டே இறந்தார். 1983இல் தலைவர் ஃபே வெல்டனின் ஒரு வாக்கில் முடிவு தொங்கியது. ருஷ்டியா கூட்ஸியா என்று அவர் மனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து, கடைசியில் கூட்ஸியின் மேல் நின்றது. 1994இல் ஜேம்ஸ் கெல்மனின் நாவல் ஒருமித்த முடிவாக வரவில்லை. நடுவர்களில் ஒருவரான ஜூலியா நியூபெர்கர், அவர் யூத ரபி, இந்த முடிவு வெட்கக்கேடு என்று வெளியே வந்து சொன்னார். எழுத்தாளர் ஜூலியன் பார்ன்ஸ் ஒருமுறை இந்தப் பரிசைப் பெரிய மனிதர்கள் ஆடும் பிங்கோ என்று கேலி செய்தார். 2011இல் அவருக்கே அது விழுந்தது. வேண்டாமென்று சொல்லவில்லை.

இந்தத் தூரத்துக் கதைகளை நான் நம்புவதற்குக் காரணம், சின்ன அளவில் அதே கதையைப் பக்கத்தில் பார்த்திருப்பது. ஓர் அறக்கட்டளை தமிழ் நாவலுக்குத் தரும் பரிசுக்கு ஒருமுறை என்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். புத்தகங்கள் உர மூட்டைச் சாக்கில் வந்து இறங்கின. ஒரு நாவலின் முதல் பக்கத்தில், “அன்புள்ள நடுவர் அவர்களுக்கு” என்று எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு, அதைப் பதிப்பாளர் வெள்ளை மை தடவி மறைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. சென்னையில் ஒரு லாட்ஜ் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் எல்லாம் கழிந்து இரண்டு நாவல் மீந்தது. ஒன்று உப்பளத் தொழிலாளிகளைப் பற்றியது, வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கியது. இன்னொன்று ஒரு நகரத்துக் குடும்பத்தின் மூன்று தலைமுறை, தளர்ச்சியும் உண்டு, ஆனால் நடுவில் ஒரு கிழவியின் சாவு வருகிறது, அப்படி ஒரு சாவை நான் தமிழில் அதிகம் வாசித்ததில்லை. எதை எதோடு வைத்துப் பார்ப்பது? வடை வந்தது, காப்பி வந்தது, மறுபடி காப்பி வந்தது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாச்சு, ஏதாவது ஒன்ன முடிப்போம்” என்றார். முடித்தோம். மறுநாள் பத்திரிகைக்குப் போன அறிக்கையில் ‘நடுவர் குழுவின் ஆழ்ந்த பரிசீலனை’ என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து நாலு மணி வரை ஆழ்ந்துதான் பரிசீலித்தோம். நாலு மணிக்கு மேல் நடந்தது வேறு.

கூடப் பணிபுரிந்த சைவ நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இதுல என்ன மேடம் குழப்பம்? கொடுத்து வச்சவனுக்குக் கிடைச்சுது” என்றார். ஊழ் என்ற பதிலில் ஒரு வசதி இருக்கிறது. கிடைத்தவனுக்கு ஏன் கிடைத்தது என்பதற்கு அது கணக்குக் காட்டிவிடும். இந்தப் பிறவியில் காரணம் தெரியவில்லை என்றால் போன பிறவியில் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் வாங்கினவன் சம்பாதித்ததையே வாங்கினான். நான் வளர்ந்த வீட்டில் பதில் நேரெதிர். கிருபை என்பது சம்பாதிக்க முடியாதது. திராட்சத் தோட்டத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. அதைக் கேட்டு முறுமுறுக்கிறவர்களுக்கு எஜமான் காரணம் எதுவும் சொல்வதில்லை, என் பணம், என் இஷ்டம் என்கிறார். இதில் வாங்கினவன் பெருமைப்பட இடமில்லை, வாங்காதவன் கூனிக் குறுகவும் இடமில்லை. ஆனால் மனிதருக்கு இது தாங்காது. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் எங்கள் கோயிலில் தட்டில் வாக்குத்தத்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டை எட்டிப் பார்க்கிறோம். அவளுக்குச் செழிப்பைப் பற்றிய வசனமும் நமக்குப் பொறுமையைப் பற்றிய வசனமும் வந்திருந்தால், அவள் நம்மைவிட நன்றாக ஜெபிக்கிறவளோ என்ற யோசனை வந்துவிடும்.

புக்கரின் முத்திரையை அட்டையில் ஒட்டுகிறபோது நடப்பதும் அதுதான். முன்குறித்தல் என்ற உபதேசத்தைக் கால்வினின் சீடர்கள் தாங்கிக்கொள்ள முடியாமல், தாங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களா என்பதற்கு அடையாளத்தை உலகக் காரியங்களில், வியாபாரத்தின் வெற்றியில் தேட ஆரம்பித்தார்கள் என்று மாக்ஸ் வேபர் எழுதினார். தேவனின் ரகசியத் தீர்ப்புக்கு விற்பனைக் கணக்கிலிருந்து சாட்சி. முத்திரை ஒட்டிய பிறகு அந்த நாவலை நாம் வேறு கண்ணோடு வாசிக்கிறோம். தொய்வான அத்தியாயம் ‘துணிச்சலான மந்தகதி’ ஆகிவிடுகிறது. முத்திரையைப் பிய்த்தால் என்ன ஆகும்? 2006இல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை பிய்த்துப் பார்த்தது. நைபாலின் ‘இன் எ ஃப்ரீ ஸ்டேட்’ (1971), ஸ்டான்லி மிடில்டனின் ‘ஹாலிடே’ (1974), இரண்டும் புக்கர் வாங்கியவை. அவற்றின் தொடக்க அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து, பெயர்களை மாற்றி, புது எழுத்தாளர் அனுப்புவது போல இருபது பதிப்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் அனுப்பினார்கள். ஏறக்குறைய எல்லாரும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிப்பாளர்களின் மூடத்தனம் என்று அப்போது சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முத்திரை இல்லாமல் ஒரு புத்தகம் நம் முன் நிற்கும்போது நமக்கு எவ்வளவு கொஞ்சம் தெரிகிறது என்பதுதான் அதில் தெரிந்தது.

மத்தியாவையும் மறக்கக் கூடாது. சீட்டில் வென்ற பிறகு அவர் பெயரும் புதிய ஏற்பாட்டில் வருவதில்லை. உண்மையான பன்னிரண்டாம் ஆள் பவுல்தான், பேதுரு அவசரப்பட்டுவிட்டார் என்று வாதிக்கிற போதகர்களும் உண்டு. 1969இல் முதல் புக்கர் வாங்கியவர் பி. ஹெச். நியூபி. எத்தனையோ ஆண்டு ஆங்கிலம் நடத்திய கல்லூரியில், நானும் சேர்த்துத்தான், அவர் நாவலை வாசித்த ஓர் ஆசிரியரைக்கூட நான் சந்திக்கவில்லை.

பர்சபாவின் பக்கம் வரிசை நீளமானது. பெரில் பெயின்பிரிட்ஜ் ஐந்து தடவை குறும்பட்டியலில் வந்தார், ஒரு தடவையும் வெல்லவில்லை. அதில் 1974உம் ஒன்று. அந்த ஆண்டு நடுவர்கள் பரிசை நாடின் கோர்டிமருக்கும் மிடில்டனுக்கும் பிரித்தே கொடுத்தார்கள், அப்படியும் அவருக்கு இடமில்லை. 2010இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, அவருடைய ஐந்து நாவல்களில் எது சிறந்தது என்று வாசகர்களிடம் வாக்கெடுத்து, அவர் பெயரில் ஒரு தனிப் பரிசை அறிவித்தார்கள். கல்லறைக்கு மாலை போடுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் சமர்த்தர்கள் என்று நினைத்திருந்தேன். அனிதா தேசாய் 1980, 1984, 1999 என்று மூன்று தடவை நின்றார். 2006இல் மகள் கிரண் தேசாய் வாங்கினார். என் சைவ நண்பர் இதையும் ஊழுக்குச் சாட்சியாகக் காட்டுவார், தாய் சேர்த்தது பிள்ளைக்கு என்று.

வரிசையில் நிற்கவே வாய்ப்பில்லாமல் போனவர்கள் இன்னொரு வகை. தொடக்கத்தில் முந்தைய ஆண்டு வெளிவந்த நூலுக்குப் பரிசு தந்தார்கள். 1971இல் அந்தந்த ஆண்டு நூலுக்கே என்று விதியை மாற்றினார்கள். இந்த மாற்றத்தில் 1970இல் வெளிவந்த நாவல்களில் பெரும்பகுதி எந்தப் பக்கமும் சேராமல் விழுந்துவிட்டது. நாட்காட்டியில் ஒரு பிளவு, அவ்வளவுதான். நாற்பது ஆண்டு கழித்து யாரோ கவனித்து, 2010இல் ‘தொலைந்த புக்கர்’ என்று ஒன்றை வைத்தார்கள். ஜே. ஜி. ஃபாரெலின் ‘டிரபிள்ஸ்’ வென்றது. அவர் 1979இலேயே அயர்லாந்தின் கரையோரத்தில் கடலில் மூழ்கி இறந்திருந்தார்.

ஆகவே எல்லாமே குருட்டுச் சீட்டா? அப்படிச் சொல்லிவிட மனம் வரவில்லை. அங்கேதான் 2019ஆம் ஆண்டைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அந்த அக்டோபரில் பீட்டர் ஃபுளோரன்ஸ் தலைமையில் ஐந்து நடுவர்களும் ஐந்து மணி நேரம் பேசினார்கள். மார்கரெட் ஆட்வுடின் ‘த டெஸ்டமென்ட்ஸ்’, பெர்னடைன் எவரிஸ்டோவின் ‘கேர்ள், உமன், அதர்’ இரண்டும் மீந்தன. 1992இல் மைக்கேல் ஒண்டாச்சிக்கும் பேரி அன்ஸ்வொர்த்துக்கும் பிரித்துக் கொடுத்த பிறகு, இனி பிரிக்கக் கூடாது என்று விதி வந்திருந்தது. முடியாது என்று நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்லியும் நடுவர்கள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஆளுக்கு 25,000 பவுண்டு. பலர் அதை நேர்மை என்று பாராட்டினார்கள். இரண்டும் சமம் என்று தோன்றியபோது சமம் என்று சொன்னார்களே!

எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. ஆட்வுட் 2000இலேயே ஒரு புக்கர் வாங்கியவர், உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவர். எவரிஸ்டோ இந்தப் பரிசைப் பெறும் முதல் கறுப்பினப் பெண். பாதிப் பரிசு ஆட்வுடிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எவரிஸ்டோவிடமிருந்து எடுத்தது. இரண்டு மாதம் கழித்து பிபிசி தொலைக்காட்சியில் ஒருவர் ஆட்வுடின் பெயரைச் சொல்லிவிட்டு, ‘இன்னொரு எழுத்தாளரும்’ பகிர்ந்துகொண்டார் என்று சொன்னார். மேல்வீட்டறையில் கூடியவர்கள் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். தகுதியை அவர்களே வகுத்தார்கள், ஆட்களை அவர்களே நிறுத்தினார்கள். அதற்கு மேல் தங்கள் கண்ணுக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் தீர்ப்பைக் கையைவிட்டு இறக்கி வைத்தார்கள். இரண்டு பேரையும் பாதிப் பாதி அப்போஸ்தலராக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2019இன் நடுவர்கள் ஒரு நாணயத்தைச் சுண்டியிருக்கலாம். சுண்டிவிட்டு, சுண்டினோம் என்று மேடையில் சொல்லியிருக்கலாம். பர்சபாவுக்கு அதில் அவமானமில்லை. உன்னிடம் குறை கண்டோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

சொல்ல விட மாட்டார்கள் என்பது வேறு. நாணயம் சுண்டி எடுத்த முடிவுக்கு 50,000 பவுண்டு தர எந்தப் புரவலர் இருக்கிறார்? புக்கர் முடிவின் மேல் லண்டனில் பந்தயம் கட்டுகிற கடைகள் இருக்கின்றன, அவர்களும் கலவரம் பண்ணுவார்கள்.

பணம் என்று வந்ததால் இன்னொன்று. நடபடிகளின் அதே முதல் அதிகாரத்தில், சீட்டுப் போடுவதற்குச் சில வசனம் முன்னால், அக்கெல்தமா வருகிறது. காட்டிக்கொடுத்த கூலியில் வாங்கின நிலம். மத்தேயு சொல்லும் வடிவத்தில் அந்தக் காசு ரத்தக் காசு என்பதால் ஆசாரியர்கள் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்து, அந்நியரை அடக்கம் பண்ணக் குயவன் நிலத்தை வாங்குகிறார்கள். புக்கர் பரிசுக்குப் பெயர் கொடுத்த கம்பெனி, புக்கர் மக்கானெல். தென் அமெரிக்காவின் வடகரையில் பிரிட்டிஷ் கயானாவில் கரும்புத் தோட்டங்கள், சர்க்கரை ஆலைகள், கப்பல், கடை. அந்த நாட்டையே ‘புக்கர்ஸ் கயானா’ என்று கிண்டலாகச் சொல்லும் அளவுக்கு எல்லாம் அவர்களுடையது. தொடக்கத்தில் அடிமைகள் உழைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், ஒரு பகுதியினர் மதராஸில் ஏறிய நம்மவர்கள். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாட்டின் தொடர்ச்சியாகக் காளி பூஜை இன்றும் கயானாவில் நடக்கிறது. அறுபதுகளில் கம்பெனி, ஜேம்ஸ் பாண்ட் கதைகளின் உரிமையில் பெரும்பங்கை வாங்கிப் புத்தக உரிமை வியாபாரத்தில் இறங்கியது. அந்தத் தொடர்பில்தான் பதிப்பாளர் டாம் மாஷ்லர், பிரான்சின் கோன்கூர் பரிசு போல ஒன்று வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் பணப்பையைத் திறந்தார்கள்.

1972இல் ‘ஜி.’ நாவலுக்காக ஜான் பெர்ஜர் இந்தப் பரிசை வாங்கினார். மேடையில் நின்று, இந்தக் காசு கரீபியக் கரும்புத் தோட்டத்தில் பிழிந்தெடுத்தது என்று கொடுத்தவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். 5,000 பவுண்டில் பாதியை லண்டனில் இயங்கிய பிளாக் பாந்தர் இயக்கத்துக்குக் கொடுத்தார். மீதிப் பாதியை ஐரோப்பாவில் பிழைக்க வந்த தொழிலாளிகளைப் பற்றிய புத்தக வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆசாரியர்களைவிட பெர்ஜர் தேவலை என்று நினைக்கிறேன். அவர்கள் காசைத் தொடாதது போலப் பாவனை பண்ணி நிலம் வாங்கினார்கள். இவர் கையில் வாங்கி, எண்ணி, எங்கிருந்து வந்ததோ அந்தத் திசையில் பாதியைத் திருப்பினார். முழுவதையும் ஏன் திருப்பவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. காணிக்கைத் தட்டில் விழுகிற நோட்டுகளை எண்ணிப் பழகிய குடும்பம் எங்களுடையது. நான் அப்படிக் கேட்க மாட்டேன். புக்கர் கம்பெனி ஒதுங்கி, பிறகு ஒரு நிதி நிறுவனம் புரவலராக இருந்து, 2019 முதல் ஓர் அமெரிக்க அறக்கட்டளை பணம் தருகிறது. பெயர் மட்டும் சர்க்கரைக் கம்பெனியின் பெயராகவே நிற்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, பரிசே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். காரணம் அந்த மூன்று முறை வாசிப்பு. 2021இல் நடுவர்களில் ஒருவர் ரோவன் வில்லியம்ஸ், பத்து ஆண்டு காண்டர்பரி பேராயராக இருந்தவர். அந்த ஆண்டு குறும்பட்டியலில் அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பேசேஜ் நார்த்’ இருந்தது. பாட்டியைப் பார்த்துக்கொண்ட ராணி என்ற பெண் இறந்துபோனாள் என்று கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் இளைஞன் வடக்கே ரயிலேறுகிறான். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண் அவள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். வேகமாக வாசித்தால் ஒன்றும் நடக்காத நாவல். ஆங்கிலத் திருச்சபையின் முன்னாள் தலைமை மேய்ப்பர், கிளிநொச்சிப் பக்கத்து ஒரு சாவு வீட்டுக்குப் போகும் வழியை மூன்று தடவை நிதானமாகக் கடந்திருக்கிறார். பரிசு டேமன் கால்கட்டுக்குப் போனது. போகட்டும். முழுக் கவனத்தோடு ஒன்றைப் பார்ப்பதும் ஜெபமும் ஒரே காரியம் என்று கருதியவர் சிமோன் வெய்ல். சீஷர்கள் சீட்டுப் போடுவதற்கு முன்னால் செய்த ஜெபத்துக்கு, முடிவை மாற்றுவதைத் தவிர வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஷெஹான் கருணாதிலகவின் நாவல் வென்றது. அதன் நாயகன் மாலி அல்மெய்தா முதல் பக்கத்திலேயே செத்துக் கிடக்கிறான். மறுலோகம் என்பது வரிசையும் படிவமும் குமாஸ்தாக்களுமாக ஓர் அரசாங்க அலுவலகம். அந்த நாவலே அப்படி ஓர் அலுவலகத்தில் காத்து நின்றதுதான். 2020இல் இந்தியாவில் வேறு பெயரில் வெளிவந்தபோது புக்கரின் வாசலில் அதற்கு அனுமதி கிடையாது. லண்டனில் ‘சார்ட் ஆஃப் புக்ஸ்’ என்ற சின்னப் பதிப்பகம் எடுத்து, ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்தி வெளியிட்ட பிறகே உள்ளே போனது. யோவானின் ஞானஸ்நானம் முதல் கூட இருந்தாயா என்ற கேள்விக்குச் சமமான கேள்வி லண்டனிலும் உண்டு: எங்கே அச்சானாய்? பால் பீட்டியின் ‘த செல்லவுட்’ 2016இல் வென்றது, அதற்கு முன் பிரிட்டனில் பதினெட்டுப் பதிப்பகங்கள் அதை வேண்டாமென்றிருந்தன. பத்தொன்பதாவது வாசல் திறக்காதிருந்தால் ஐந்து நடுவர்களின் கையில் அது வந்தே இருக்காது.

மொழிபெயர்ப்புகளுக்கான சர்வதேச புக்கரில் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நான் மனதார ஒப்புக்கொள்கிற பிரிப்பு அது ஒன்றுதான். 2023இல் அதன் நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ வந்தது, அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில். தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல். மார்ச் நடுவில் அறிவிப்பு, ஏப்ரல் நடுவில் குறும்பட்டியல். அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் இலக்கியம் பேசாதவர்கள்கூட அதைப் பேசினார்கள். குறும்பட்டியலில் இல்லை என்று தெரிந்த சாயங்காலம், நடைக்குப் போன இடத்தில், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்னைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

“போச்சே மேடம்.”

“எது?”

“நம்ம பூக்குழி.”

“நீங்க வாசிச்சீங்களா, எப்படி இருந்தது?”

“இல்ல மேடம். கிடைக்கட்டும், வாங்கி வாசிச்சிரலாம்னு இருந்தேன்.”

மறுநாள் என் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். இன்னும் திரும்பி வரவில்லை.